ஏழு டின் சில்லறை

பிச்சம்மாள் அக்கா பத்தரை மணிக்கு வருகிறாள் என்று புருஷன் கிருஷ்ணகுமார் சொன்னபோது திவ்யலட்சுமி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கர்க்கடகம், அதாவது ஆடி மாதத்துச் சனிக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. என்ன விசேஷம் என்று கேட்டாள். அப்பாவுடைய பழைய நாணயங்களை எடுத்துப் பார்த்து, இன்றைக்கே விற்க ஏற்பாடு பண்ண வேண்டுமாம் என்றான் அவன். சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். திவ்யலட்சுமி உளுந்தை நான்காவது தடவையும் களைந்தாள். மூன்று தண்ணீருக்கு மேல் வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நாணயங்கள் இருந்த ஏழு டின்களும் பரணில்தான் இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை. அவள் அவற்றை விற்று இருபத்துமூன்று நாளாகியிருந்தது. கிருஷ்ணகுமாருக்கு அது தெரியாது.

அவளுடைய மாமனார் பகவதிப்பெருமாள் சர்க்கார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சர்வீஸில் பாதிக் காலம் வித்துரா, பொன்முடி வழி. எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் முண்டு முனையில் முடிந்து வைத்திருந்த சில்லறையைத்தான் டிக்கெட்டுக்குக் கொடுப்பார்கள். அதில் ஓட்டை போட்ட காலணா வரும், அலுமினிய மூன்று பைசா வரும், தாமரைப் பூ போட்ட இருபது பைசா வரும். கண்ணில் பட்ட பழையதை எடுத்து ஜோபியில் போட்டுக்கொண்டு, தன் கைக்காசை டிக்கெட் பையில் போட்டுக் கணக்குச் சரிபண்ணிவிடுவார். வித்துரா சந்தைக்கு வரும் கிழவிகள் அவருக்கென்றே வீட்டிலிருந்து திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு கொண்டுவருவார்களாம். ஞாயிற்றுக்கிழமையானால் தரையில் பேப்பரை விரித்து வருஷவாரியாகப் பிரித்து அடுக்குவார். பால்பவுடர் டின் ஏழு நிறைந்தது. மகளுக்கும் மகனுக்கும் பாதிப் பாதி, வேறு வழியே இல்லை என்று வரும்போது மட்டும் திறக்கவேண்டும், லட்சக்கணக்கில் வரும் சொத்து இது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். போன வருஷம் மீனத்தில், பங்குனி மாதம், போய்ச் சேர்ந்தார். அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

வலியசாலையிலிருந்து இறங்கும் சந்தில் அவர்களுக்கு வாடகை வீடு. கிருஷ்ணகுமாருக்குச் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஓர் எலக்ட்ரிக் சாமான் கடையில் வேலை. வீட்டை நடத்துவது பாதிக்கு மேல் திவ்யலட்சுமியின் தோசை மாவுதான். தினம் பன்னிரண்டு கிலோ அரிசி, நாலு கிலோ உளுந்து, ஒரு பிடி உலுவா, வெந்தயம்தான். மத்தியானம் நனையப் போட்டால் சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கலந்து, கவரில் ஊற்றிச் சூட்டு மெஷினில் ஒட்டி, விடியற்காலம் அவன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஆறு கடையில் போடுவான். மழைக்காலத்தில் மாவு லேசில் பொங்காது. பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி வைக்கவேண்டும். போன மாதம், மிதுனக் கடைசியில் கிரைண்டர் மோட்டார் புகைந்து நின்றது. உள்ளே கம்பிச் சுருளை மாற்றிக் கட்டியும் நாலாம் நாள் அதுவும் எரிந்தது. இரண்டு கடைக்காரர்கள், திங்கட்கிழமை மாவு வராவிட்டால் வேறு ஆளிடம் எடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் வாங்கிய அட்வான்ஸ் கிருஷ்ணகுமாரின் சம்பளத்தில் இன்னும் பிடிபட்டுக்கொண்டிருந்தது. நாணயத்தில் கொஞ்சம் விற்றால் என்ன என்று அவள் ஒரு தடவை கேட்டாள். அவனுக்கு வந்த கோபம் அவள் அதுவரை பார்க்காதது. அக்கா இல்லாமல் அந்த டின்னில் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது என்றான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் ஏழு டின்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஓவர்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பழைய நாணயமும் ஸ்டாம்பும் வாங்கி விற்கிற கடை. ராகேல் என்று அறுபது வயதுக்காரி, மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்தவள், புருஷன் போனபின் தானே நடத்துகிறாள். பச்சைத் துணியை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, இரண்டரை மணி நேரம் பார்த்தாள். உங்க மாமனார் நல்லா பிரிச்சு வச்சிருக்காரு, ஆனா எல்லாமே எல்லார் வீட்டுலயும் உள்ளது என்றாள். அலுமினியம் கிலோவுக்கு இவ்வளவு, பித்தளை ஒன்றுக்கு இவ்வளவு, சக்கரத்துக்கு இவ்வளவு என்று எழுதிக் கூட்டிக் காட்டினாள். பதினோராயிரத்து முந்நூற்றைம்பது. திவ்யலட்சுமி திரும்பவும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். அப்புறம் பணத்தை வாங்கிக்கொண்டு, காலி டின்களோடு திரும்பி வந்தாள். மோட்டாருக்கு ஒன்பதாயிரத்து எண்ணூறு போயிற்று. புது மோட்டார் ஏது என்று அவன் கேட்டதற்கு, மாதத் தவணை என்றாள்.

மாமனாரின் ஆண்டுத் திதிக்கு வராத பிச்சம்மாள் மைனி ஓணத்துக்கு வருவாள், அப்போது இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள், மைனி சாயாக்கடை நடத்துகிற கல்லாற்றில் வெள்ளம் வந்தது.

மைனி வந்தபோது பதினொன்று தாண்டிவிட்டது. சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பையிலிருந்து காந்தாரி மிளகாயும் ஒரு சீப்பு பாளையங்கோடன் பழமும் எடுத்து வைத்தாள். வீட்டில் இவ்வளவுதான் மிஞ்சியது என்று சிரித்தாள். திவ்யலட்சுமி அவளுக்குத் தன் சேலை ஒன்றைக் கொடுத்தாள். கஞ்சியும் சிறுபயறும் சுட்ட பப்படமும் வைத்தாள், முந்தின நாளைய சுண்டவத்தல் தீயலைச் சூடாக்கி ஊற்றினாள். 

மைனி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். ஒன்பது நாளைக்கு முந்தி, மத்தியானம் மூன்று மணி. கல்லாற்றில் மழையே இல்லை, மலைமேல்தான் பெய்திருக்கிறது. ஆற்றின் சத்தம் மாறியதைக் கேட்டு, புருஷன் ஜெயன் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்களை மேட்டுக்கு விரட்டியிருக்கிறான். கால் மணி நேரம். கடையின் பின்சுவரும் ஃபிரிட்ஜும் போய்விட்டன. அடுப்பும் பாத்திரங்களும் சேற்றுக்கடியில். ஜெயன் மண்வெட்டியோடு ஒற்றைக்கு, ஒரே ஆளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறான். இனி ஆற்றங்கரையில் கடை கட்டச் சம்மதிக்க மாட்டார்கள். வித்துரா மார்க்கெட்டில் ஒரு முறி, கடை போடுகிற அறை, காலியாக இருக்கிறது, சொந்தக்காரன் ஒரு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறான். திங்கட்கிழமை தருகிறேன் என்று மைனி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"குமாருதான் போன்ல சொன்னான், நீ பயப்படாதக்கா, அப்பாட்டது இருக்குன்னு. அதுக்குப் பொறவாக்கும் எனக்கு ஒறக்கமே வந்தது" என்றாள்.

கிருஷ்ணகுமார் தலைகுனிந்து பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான்.

மைனி கையைக் கழுவிவந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். தாமரைப் பூ போட்ட இருபது பைசா, ஒன்றுக்கு மூன்று லட்சம் என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். கீழே நம்பர் இருந்தது. அப்பாவிடம் இது எத்தனை இருந்தது, இருநூறு இருக்குமா என்று தம்பியிடம் கேட்டாள். மூன்று லட்சம் எல்லாம் தனக்கு வேண்டாம், ஒன்றுக்கு முப்பதாயிரம் வைத்துக் கொடுத்தாலே இருவரும் கரையேறிவிடலாம் என்றாள். பிறகு, ஸ்டூலைப் போட்டு டின்னை இறக்கச் சொன்னாள்.

கிருஷ்ணகுமார் எழுந்திருக்கவில்லை. மழை கொஞ்சம் விடட்டும் என்றான். மழைக்கும் பரணுக்கும் என்ன என்று மைனி கேட்டாள். கடைசியில் அவளே ஸ்டூலை இழுத்தாள்.

"மைனி, ஏறண்டாம்" என்றாள் திவ்யலட்சுமி. "அதுல ஒண்ணும் இல்ல. நான் வித்துட்டேன்."

மைனி ஸ்டூலைப் பிடித்தபடியே திரும்பினாள். "எப்பம்?"

"இருபத்துமூணு நாளாச்சு. மோட்டாரு எரிஞ்சு போச்சு. அவியள்ட்டக்கூடச் சொல்லல்லை."

"எவ்வளவுக்கு?"

"பதினோராயிரத்து முந்நூத்தம்பது."

திவ்யலட்சுமி இன்னும் ஒரு தொகை சொல்லப்போகிறாள் என்பதுபோல் மைனி காத்திருந்தாள். வேறு ஒன்றும் வரவில்லை என்றானதும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திவ்யலட்சுமி உள்ளே போய், ராகேல் எழுதிக் கொடுத்த பில்லையும், சேர்த்து வைத்திருந்த இரண்டாயிரம் ரூபாயையும் கொண்டுவந்து நீட்டினாள். பாதி உங்களுடையது, மீதியை ஓணத்துக்குள் தந்துவிடுவேன் என்று சொன்னாள். மைனி பணத்தைத் தொடவில்லை. பில்லை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தாள். பழைய நாணயம், பலவகை என்றுதான் அதில் இருந்தது.

"இதை யாரும் எழுதித் தரலாம்லா" என்றாள். சத்தம் தாழ்ந்தேதான் இருந்தது. "எங்கப்பன் முப்பது வருஷம் சேத்தது. ஏட்டி, பாக்கி எங்கே வச்சிருக்கே?"

திவ்யலட்சுமி புருஷனைப் பார்த்தாள். கூடப் பிறந்தவள் மனைவியைக் கள்ளி என்று சொல்லாமல் சொல்கிறாள். அவன் ஏதாவது சொல்வான் என்று நினைத்தாள். கிருஷ்ணகுமார் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, "இவளுக்கு வெலை தெரியாது. கடைக்காரங்க ஏமாத்திட்டாங்க" என்றான்.

அப்படியானால் இப்போதே அந்தக் கடைக்குப் போவோம் என்று மைனி எழுந்தாள். சனிக்கிழமை கடை இருக்காது என்றான் அவன். ஏழு மணிவரை உண்டு என்றாள் திவ்யலட்சுமி. இந்த மழையிலா என்றான். மைனி அதற்குள் குடையை எடுத்துவிட்டாள்.

பெண்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் போனார்கள். கிழக்கேகோட்டை சிக்னலில் கால் மணி நேரம் நின்றது. தார்ப்பாய் ஓரமாகத் தண்ணீர் அடித்து திவ்யலட்சுமியின் தோளை நனைத்தது. உள்ளே நகர்ந்தால் மைனியைத் தொடவேண்டும் என்று நகராமல் இருந்தாள். மைனி மடியில் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. தான் திருடவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று திவ்யலட்சுமிக்குத் தெரியவில்லை. விற்ற விலை மெய் என்றாலும், கேட்காமல் விற்றது மெய்தானே என்றும் தோன்றியது.

கிருஷ்ணகுமார் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். மாடிப்படியின் அடியில், வண்டியை ஒதுக்கிவிட்டு வருகிறேன், நீங்கள் ஏறுங்கள் என்றான்.

ராகேல் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள். மைனி உட்காரவில்லை. அப்பாவின் நாணயங்கள் வேண்டும், வாங்கிய பணத்தை எப்படியாவது திருப்பித் தருகிறோம் என்றாள். ராகேல் கோபப்படவில்லை. மேஜைக்கடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டத்தை இழுத்து வைத்தாள். உள்ளே தாமரைப் பூ இருபது பைசா, ஐந்நூறுக்குக் குறையாது. வருகிறதை எல்லாம் வகைவாரியாகக் கொட்டிவிடுவேன், இதில் உங்கள் அப்பாவுடையது எது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றாள். வேண்டுமென்றால் என் கணக்கு நோட்டில் உள்ள எண்ணிக்கைப்படி எண்ணித் தருகிறேன், எனக்கு நஷ்டமில்லை என்றாள்.

மைனி தட்டத்துக்குள் கையை விட்டாள். அவ்வளவு மஞ்சள் காசுகளை ஒரே இடத்தில் அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு போனை எடுத்து ராகேலுக்கும் அந்த வீடியோவைக் காட்டினாள்.

ராகேல் முழுதும் பார்த்தாள். "நான் ஒண்ணு பதினஞ்சு ரூபாய்க்குக் குடுப்பேன். இந்த ஆளு மூணு லட்சம் தருவாருன்னா ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா. பைசா வேண்டாம். இங்கயே இருந்து போன்ல விளிங்க" என்றாள்.

மைனி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்தவன் மலையாளத்தில் ரொம்ப மரியாதையாகப் பேசினான். வாட்ஸ்ஆப்பில் படம் கேட்டான். அவள் ஒரு காசை உள்ளங்கையில் வைத்து எடுத்து அனுப்பினாள். ஒரு நிமிஷத்தில் மூன்று லட்சத்து இருபதாயிரம் என்றான். ஆள் நேரே வீட்டுக்குப் பணத்தோடு வருவார், அதற்கு முன் பதிவுக்கு மட்டும் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் அனுப்பவேண்டும் என்றான். மைனி திவ்யலட்சுமியைப் பார்த்தாள். ராகேல் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி நகர்த்தினாள். மைனி அதைப் பார்த்துக் கேட்டாள், அந்த நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தை மூன்று லட்சத்தில் கழித்துக்கொண்டு மீதியைத் தரக்கூடாதா என்று. அது கம்பெனி ரூல் இல்லை என்றான். நாலாயிரம் வேண்டாம், ஒரு லட்சத்தையே கழித்துக்கொள், எனக்கு மீதி போதும் என்றாள் மைனி.   அந்தப் பக்கமிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. போன் அணைந்தது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள், நம்பரே போகவில்லை.

மைனி நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த காசைத் தட்டத்தில் வைத்தாள், போடவில்லை, வைத்தாள். திவ்யலட்சுமி தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். மைனி குடித்தாள்.

அப்போதுதான் கிருஷ்ணகுமார் மேலே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்றான். ராகேல் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்க முன்னே வந்த ஆளில்லியா சாரே?" என்றாள். "போன வருஷம் இடவத்துல, வைகாசி மாசம். இதே ஏழு டின். பதினோராயிரம் சொன்னப்ப, எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே. இவங்க அந்த டின்னோட வந்ததும், நீங்கதான் அனுப்பியிருக்கீங்கன்னு நான் நெனச்சேன்."

 கீழே ரோட்டில் தம்பானூர் போகும் பஸ்கள் ஹாரன் அடித்தன. திவ்யலட்சுமி எத்தனை நாள் அந்தத் தொகையை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்திருந்தாள். அவன் ஒரு வருஷத்துக்கு மேலாக அதே தொகையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். டின்னைத் தொடாதே என்று அன்றைக்குப் பாய்ந்த கோபத்தின் காரணம் இப்போது அவளுக்கு விளங்கியது. அவள் சொன்ன விலை மெய் என்றாகிவிட்டது, சந்தோஷம் வரவேண்டிய நேரம். வரவில்லை. வீட்டில் அவன் சுவரைப் பார்த்து இருந்தானே, அதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

கிருஷ்ணகுமார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். "அப்பா சொன்னது வெறும் பேச்சுன்னு நான் எப்படிக்கா ஒன்ட்ட சொல்லுவேன்? அத்தானுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ அதைச் சொல்லித்தானே தைரியமா இருந்தே. நம்பிக்கிட்டே இருந்துட்டுப் போட்டும்னு நெனச்சேன்."

"அது சரி" என்றாள் மைனி. "நான் இவளைக் கள்ளின்னு கேட்டப்பம் நீ இருந்தேல்லா, செவரைப் பாத்துக்கிட்டு. அதும் என் தைரியத்துக்கா லேய்?"

 ராகேல் ஏதோ தேடுவதுபோல் உள்ளறைக்குப் போனாள்.

படியிறங்கி வந்து ஒரு மூடிய கடையின் சார்ப்பில் நின்றார்கள். மைனி போனை எடுத்து வித்துராவுக்குக் கூப்பிட்டாள். முறிக்காரனிடம் மலையாளத்தில், சுற்றி வளைக்காமல் சொன்னாள். திங்கட்கிழமை பணம் வராது, பின்னேயும் வராது, இருக்கிறது என்று நினைத்தேன், இல்லை, நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள். அவன் என்ன சொன்னானோ, பரவாயில்லை என்கிற மாதிரி, சாரமில்லை, சாரமில்லை என்று இரண்டு தடவை சொல்லி வைத்தாள். முகத்தைச் சேலை முனையால் துடைத்தாள். அது திவ்யலட்சுமியின் சேலை என்பது அப்போதுதான் நினைவு வந்ததுபோல் முனையை உதறி விட்டாள்.

"கேட்டுட்டு வித்திருக்கலாம் பிள்ளே நீ" என்றாள்.

"கேட்டிருக்கணும் மைனி."

"நானும் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கப்பிடாது."

பஸ் எத்தனை மணிக்கு என்று திவ்யலட்சுமி கேட்டாள். நாலே காலுக்கு ஒன்று வித்துரா போகும், அங்கிருந்து ஜீப்பு கிடைத்தால் இருட்டுக்கு முன் கல்லாறு சேரலாம், ஜெயன் அத்தனை சேற்றையும் ஒற்றைக்குத் தோண்டுகிறார், நான் போகாவிட்டால் சாப்பிடக்கூட மாட்டார் என்றாள் மைனி. அக்காவைத் தம்பானூரில் கொண்டு விடுகிறேன் என்று கிருஷ்ணகுமார் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"வேண்டாம், பக்கம்தானே. நாங்க நடந்தே போயிருவோம்" என்றாள் திவ்யலட்சுமி. "நானும் மைனி கூடப் போறேன். ரெண்டு நாளு கழிச்சு வருவேன்."

அவன் புரியாமல் பார்த்தான். "மாவு?"

"உளுந்து களைஞ்சு வச்சிருக்கு, நனையப் போடணும். அரிசி சாக்குல இருக்கு. நீங்க ஆட்டுங்க."

"எனக்கு அதெல்லாம் அறியாதே திவ்யா."

உளுந்துக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கவேண்டும், மொத்தமாக ஊற்றினால் பொங்காது, உப்பைக் கையால்தான் கலக்கவேண்டும், கரண்டியால் கூடாது என்று அவள் சொன்னாள். கவரில் காற்று இல்லாமல் பார்த்து ஒட்டவேண்டும். விடியற்காலம் ஐந்தேகாலுக்கு முதல் கடை. எல்லாவற்றையும் நிதானமாக, ஒரு வேலைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். அவளிடம் இன்னொன்று சொல்லவேண்டியிருந்தது என்பது அவன் நின்ற நிலையில் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான், ரெயின்கோட்டாவது கொண்டுபோ என்று தன்னுடையதைக் கழற்றினான். அவள் வாங்கிக்கொண்டாள். 

வித்துரா பஸ்ஸில் கூட்டம் இருந்தது. மைனிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. திவ்யலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  பேரூர்க்கடையில் பக்கத்தில் இருந்தவர் இறங்கியதும் மைனி பையை மடியில் எடுத்து வைத்து நகர்ந்தாள், சீட்டைக் கையால் துடைத்தாள்.

"இரி பிள்ளே" என்றாள். "செருப்பு புதுசு மாதிரி இருக்கு, வித்துராவுல கழட்டிக் கையில வச்சுக்கோ. அங்கே முட்டளவு சேறாக்கும்."